அறிதல் உளவியலின் தொடக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல் படிப்பவர்களும் கல்வியியல் பட்டத்துக்குப் படிப்பவர்களும் கவனம், நினைவு, சிந்தனை போன்ற மனச்செயல்களை ஆராயும் இந்தப் பாடத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொருவரும் எதை எப்படி அளந்தார் என்று பார்த்தால் இந்த வரலாறு தானே விளங்கும். அதனால் சோதனைகளின் செய்முறைக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

அறிதல் உளவியல் எந்த ஆண்டில் பிறந்தது? ஒரு நூலில் 1879, இன்னொன்றில் 1956, வேறொன்றில் 1967 என்று இருக்கிறதே?

மூன்றும் வேறு வேறு நிகழ்ச்சிகளின் ஆண்டுகள். 1879-ல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் தொடங்கினார். அது சோதனை உளவியல் முழுவதற்கும் சொல்லப்படும் ஆண்டு. 1956 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) நடந்த கருத்தரங்கைத்தான் இத்துறையின் பிறந்தநாள் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் பின்னாளில் குறித்தார். 1967-ல் உல்ரிக் நைசரின் ‘அறிதல் உளவியல்’ நூல் வந்து பெயரை நிலைநிறுத்தியது. தேர்வில் ஒன்றுதான் எழுத முடியும் என்றால் 1956-ஐ எழுதி, பெயர் 1967-ல் நிலைத்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எங்களைக் கேட்டால் 1868-லிருந்து தொடங்குவதே சரி. ஏன் என்பது அடுத்த பதிலில்.

1868-ல் என்ன நடந்தது?

மனத்துக்குள் நடக்கும் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இருந்த கண் மருத்துவரும் உடலியலாளருமான டான்டர்ஸ் அவர்.

அதற்கு முன்பே, 1850-ல், ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளந்திருந்தார். நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர்தான் வந்தது. அளக்கவே முடியாத வேகம் என்று நம்பிய காலத்தில் இது பெரிய அதிர்ச்சி. நரம்புக்கே நேரம் பிடிக்கிறது என்றால் எண்ணத்துக்கும் பிடிக்கத்தானே வேண்டும் என்று டான்டர்ஸ் தொடர்ந்தார்.

அவருடைய செய்முறை மூன்று படிகள் கொண்டது. முதல் படியில் ஒருவர் ‘கி’ என்பார், எதிரில் இருப்பவர் உடனே ‘கி’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். என்ன ஒலி வரப்போகிறது என்பது முன்பே தெரியும். இரண்டாவதில் க, கி, கு, கெ, கொ என்று எது வேண்டுமானாலும் வரலாம், வந்ததையே திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாவதில் எது வேண்டுமானாலும் வரும், ஆனால் ‘கி’ வந்தால் மட்டும் பதில், மற்றதற்கு மௌனம். இரு குரல்களும் சுழலும் உருளையில் கோடாகப் பதியும், இடைவெளியை அளந்துகொள்ளலாம்.

இனி வெறும் கழித்தல்தான். மூன்றாம் படியில் ஆன நேரத்திலிருந்து முதல் படியின் நேரத்தைக் கழித்தால், கேட்டது எந்த ஒலி என்று பிரித்தறியும் நேரம் கிடைக்கும். இரண்டாம் படியிலிருந்து மூன்றாவதைக் கழித்தால், எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் நேரம்.

இந்தக் கழித்தல் முறையில் குறை இல்லையா?

இருக்கிறது, அதுவும் அடித்தளத்திலேயே. ஒரு வேலையைக் கூடுதலாகச் சேர்த்தால் மற்ற வேலைகள் அப்படியே இருக்கும் என்று டான்டர்ஸ் எடுத்துக்கொண்டார். மூன்றாம் படியைப் பாருங்கள். அங்கே தேர்வே இல்லை என்பது அவர் கணக்கு. ஆனால் ‘சொல்லவா, வேண்டாமா’ என்பதும் ஒரு தேர்வுதானே? வுண்ட் இதைச் சுட்டிக்காட்டினார். வேலை மாறினால் வேலைக்கு ஆயத்தமாகும் விதமும் மாறிவிடும் என்று வேறு சிலரும் எதிர்த்தார்கள். முறை ஓரங்கட்டப்பட்டது.

நூறு ஆண்டு கழித்து, 1969-ல், சால் ஸ்டெர்ன்பெர்க் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார். ஒரு படியை முழுசாகச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டாம், அந்தப் படியைக் கடினமாக்கினால் போதும் என்பது அவர் யோசனை. இரண்டு காரணிகளை மாற்றிப் பார்க்கும்போது அவற்றால் கூடும் நேரங்கள் வெறுமனே கூட்டுத்தொகையாக வந்தால், அவை வெவ்வேறு படிகளைத் தொடுகின்றன என்று கொள்ளலாம். ஒன்று மற்றொன்றின் விளைவைப் பெருக்கினாலோ குறைத்தாலோ இரண்டும் ஒரே படியில் மோதுகின்றன என்று சந்தேகிக்கலாம்.

வுண்டின் அகநோக்கு முறை ஏன் தோற்றது?

தன் மனத்தைத் தானே பார்த்துச் சொல்வதுதான் அகநோக்கு. வுண்ட் அதை மிகக் கட்டுப்பாடாகவே பயன்படுத்தினார். பயிற்சி பெற்றவர்கள், எளிய தூண்டல், திரும்பத் திரும்ப அதே நிலைமை என்பது அவர் ஒழுங்கு. நினைவு, சிந்தனை போன்ற உயர்நிலைச் செயல்களை இப்படி ஆராய முடியாது என்பதும் அவருடைய நிலைப்பாடு. பாடநூல்கள் அவர் தலையில் கட்டும் அகநோக்கு பெரும்பாலும் அவருடைய மாணவர் டிட்சனர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்தியது.

முறையை முறித்தது ஒரு தகராறு. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் க்யூல்பே என்பவரின் குழுவினர், சில எண்ணங்கள் எந்த மனப்படமும் இல்லாமலேயே வருகின்றன என்றார்கள். டிட்சனரின் ஆய்வகத்திலோ எல்லா எண்ணத்திலும் படிமம் இருப்பதாகத் தெரிந்தது. எந்தத் தரப்பு சரி என்று தீர்க்க வழியே இல்லை. உன் மனத்தில் படிமம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? வெளியிலிருந்து சரிபார்க்க முடியாத தரவு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அறிவியலில் செல்லாது என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது.

எபிங்ஹாஸின் மறதி வளைவு உண்மையில் என்ன சொல்கிறது? ‘ஒரு நாளில் 66 சதவீதம் மறந்துவிடும்’ என்று இணையத்தில் எங்கும் பார்க்கிறோமே?

அந்த வாக்கியம் தவறு. தவறு எங்கே என்று தெரிய அவர் செய்ததைப் பார்க்க வேண்டும்.

ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துக்கொண்டு 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். மெய், உயிர், மெய் என்ற அமைப்பில் ஏறத்தாழ 2300 அசைகளைத் தயாரித்து, கலைத்து, எடுத்துப் பட்டியலாக்கினார். மறதியை அளந்த சோதனையில் ஒரு பட்டியலுக்கு 13 அசைகள், ஒரு தடவைக்கு 8 பட்டியல்கள். நிமிடத்துக்கு 150 தட்டு என்ற தாளத்தில் வாசித்தார். அதாவது அசைக்கு 0.4 நொடி, பட்டியல் ஒருமுறை ஓட 5.2 நொடி. பிழையில்லாமல் இரண்டு முறை ஒப்பிக்கும்வரை இதைத் தொடர்ந்தார். பிறகு குறிப்பிட்ட இடைவெளி விட்டு, அதே பட்டியல்களை அதே அளவுக்கு மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்.

அவர் அளந்தது மிச்சம் பிடித்த நேரம். முதலில் 20 நிமிடம் ஆகி, மறுமுறை 13 நிமிடம் ஆனால், மிச்சம் 7 நிமிடம், அதாவது 35 சதவீதம். அவருக்குக் கிடைத்த மிச்சம் 20 நிமிட இடைவெளியில் 58.2, ஒரு மணி நேரத்தில் 44.2, ஒரு நாளில் 33.7, ஆறு நாளில் 25.4, முப்பத்தொரு நாளில் 21.1 சதவீதம்.

ஒரு நாள் கழித்து 33.7 சதவீத நேரம் மிச்சமானது என்பதற்கும் 33.7 சதவீத அசைகள் நினைவில் இருந்தன என்பதற்கும் சம்பந்தமில்லை. ஒரு அசைகூட வாயில் வராத நிலையிலும் மறுபடி படிக்கும்போது நேரம் மிச்சமாகலாம். மனத்தில் ஏதோ தடம் இருக்கிறது, ஆனால் ஆளுக்கே அது தெரியவில்லை. அகநோக்கால் ஒருபோதும் பிடிக்க முடியாத ஒன்றைக் கடிகாரம் பிடித்துவிட்டது. எபிங்ஹாஸின் உண்மையான சாதனை இதுதான். வளைவு அதற்குப் பிறகுதான்.

இன்னொரு எச்சரிக்கை. இது பொருளற்ற அசைகளுக்கான கணக்கு. பைரனின் கவிதைப் பத்திகளை மனப்பாடம் செய்தபோது, அதே நீள அசைகளுக்கான உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். பயிற்சி வகுப்பு விளம்பரங்கள் இந்த வரியை மட்டும் சொல்வதில்லை.

அதைத் தமிழில் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. அசை தயாரிப்பதில்தான் சிக்கல். தமிழில் ஓரசைச் சொற்கள் ஏராளம். கல், பல், நெல், மண், பொன் எல்லாம் முதலிலேயே போக வேண்டும். ஆங்கிலச் சொற்களையும் கவனியுங்கள். ‘லைட்’ என்றோ ‘கப்’ என்றோ ஒன்று பட்டியலில் புகுந்தால் அது பொருளற்ற அசை இல்லை. டெம், ரொப், ஞூக் போன்றவை பரவாயில்லை. தயாரித்த அசைகளை வேறு மூன்று பேரிடம் காட்டி, எதையாவது ஞாபகப்படுத்துகிறதா என்று கேட்டு வடிகட்டுங்கள்.

13 அசை என்பது புதியவருக்கு அதிகம், 8 போதும். தாளத்துக்குக் கைபேசியில் மெட்ரோனோம் செயலி இருக்கிறது. நிமிடத்துக்கு 60 என்று வைத்துத் தொடங்கலாம். பலர் செய்யும் பிழை, இடைவெளியில் பட்டியலை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது. அடுத்தடுத்த நாட்களில் நேரம் குறைவதில் ஒரு பகுதி பயிற்சியால் வருவது என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் முதல் சில நாட்களின் அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நடத்தைவாதிகள் மனமே இல்லை என்றார்களா?

எல்லோரும் இல்லை. 1913-ல் ஜான் வாட்சன், உளவியலின் வேலை நடத்தையை முன்கூட்டிச் சொல்வதும் கட்டுப்படுத்துவதும்தான், உணர்வுநிலையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்று அறிவித்தார். பின்னால் வந்த நடத்தைவாதி ஸ்கின்னரின் நிலை வேறு. எண்ணம், உணர்ச்சி எல்லாம் இருக்கின்றன, ஆனால் அவை நடத்தைக்குக் காரணங்கள் அல்ல, விளக்கப்பட வேண்டிய நடத்தைகளே என்பது அவர் வாதம்.

எட்வர்ட் டோல்மன் நடத்தைவாதியாக இருந்துகொண்டே அந்த வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டவர். கலிபோர்னியாவின் பெர்க்லியில் அவரும் ஹான்சிக்கும் 1930-ல் வெளியிட்ட சோதனையில் எலிகள் மூன்று குழு. ஒரு குழுவுக்குப் புதிர்ப்பாதையின் முடிவில் தினமும் உணவு. இரண்டாவதற்கு ஒருபோதும் இல்லை. மூன்றாவதற்குப் பதினோராம் நாளிலிருந்துதான் உணவு. பத்து நாள்வரை மூன்றாம் குழு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. உணவு வைத்த மறுநாளே அதன் பிழைகள் சட்டென்று குறைந்து, முதல் நாளிலிருந்து உணவு பெற்ற குழுவுக்கு இணையாகிவிட்டன. பரிசு இல்லாத நாட்களிலும் எலி கற்றுக்கொண்டுதான் இருந்தது என்றால், தூண்டலுக்கும் துலங்கலுக்கும் (எதிர்வினைக்கும்) நடுவில் ஏதோ சேர்ந்திருக்கிறது. 1948-ல் அதற்கு ‘அறிதல் வரைபடம்’ என்று பெயர் வைத்தார்.

அறிதல் உளவியல் நடத்தைவாதத்தைத் தூக்கி எறிந்துவிட்டது என்று எழுதுவது பாதி உண்மை. கட்டுப்பாட்டுக் குழு, அளவிடக்கூடிய துலங்கல், பிறர் சரிபார்க்கும் தரவு என்ற ஒழுக்கம் முழுவதும் அப்படியே தொடர்ந்தது. அகநோக்கு மட்டும் பழைய உருவில் திரும்பி வரவில்லை.

1913-க்கும் 1956-க்கும் இடையில் மனத்தைப் பற்றி யாருமே ஆராயவில்லையா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை மட்டும் பார்ப்பவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். ஜெர்மனியில் வெர்தைமர், கோலர், கோஃப்கா ஆகியோரின் கெஸ்டால்ட் பள்ளி இருந்தது; எதையும் துண்டுகளாக அல்ல, முழுமையாகவே உணர்கிறோம் என்றவர்கள் அவர்கள். ஜெனீவாவில் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜே. சோவியத் ஒன்றியத்தில் வைகாட்ஸ்கியும் லூரியாவும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் பார்ட்லெட் 1932-ல் ‘நினைவுகூர்தல்’ என்ற நூலை வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் ‘பேய்களின் போர்’ என்ற கதையை ஆங்கிலேய வாசகர்களுக்குக் கொடுத்து, நாட்கள் கழித்து எழுதச் சொன்னார். துடுப்புத் தோணி சாதாரணப் படகாயிற்று, புரியாத பகுதி உதிர்ந்தது, இல்லாத காரணகாரியம் வந்து சேர்ந்தது. நினைவு என்பது பதிவை எடுத்து ஓட்டுவதல்ல, பழக்கமான வார்ப்பில் மறுபடி கட்டுவது என்றார். அந்த வார்ப்புக்கு அவர் பயன்படுத்திய சொல் ஸ்கீமா. குறை என்னவென்றால், துல்லியமாக எழுத வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லவில்லை. இடைவெளிகளும் ஆளுக்கு ஆள் மாறின.

உலகப் போருக்கும் இந்தத் துறைக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. ரேடார் திரையின் முன் உட்கார்ந்தவர் புள்ளியை ஏன் தவறவிடுகிறார், காதில் இரண்டு குரல் ஒரே நேரத்தில் வந்தால் விமானி எதைக் கேட்பார் என்ற கேள்விகளுக்குத் தண்டனையும் பரிசும் பதில் சொல்லவில்லை.

1944-ல் கேம்பிரிட்ஜில் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பயன்பாட்டு உளவியல் பிரிவைத் தொடங்கியது. முதல் இயக்குநர் கென்னத் க்ரெய்க். மனம் உலகத்தின் சிறு மாதிரியொன்றைத் தனக்குள் வைத்துக்கொண்டு, செயலில் இறங்கும் முன் அதில் ஒத்திகை பார்க்கிறது என்று 1943-லேயே எழுதியவர். 1945 மே மாதம், ஐரோப்பாவில் போர் முடியும் தறுவாயில், மிதிவண்டி விபத்தில் 31 வயதில் இறந்துபோனார். அவர் இருந்திருந்தால் ‘அறிதல் புரட்சி’ கேம்பிரிட்ஜில் பிறந்ததாகத்தான் இன்று எழுதியிருப்போம்.

அங்கேயே நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகாரம் செய்தார். எண்கள் இல்லாத வெள்ளை முகப்பு, ஒரே ஒரு முள், ஒரு சுற்றுக்கு 100 தாவல், நொடிக்கு ஒன்று. எப்போதாவது ஒருமுறை முள் இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம். முதல் அரை மணிக்குப் பிறகே தவறவிடுவது தெளிவாகக் கூடியது. கண்ணில் குறையில்லை, கண் திறந்தேதான் இருக்கிறது. கவனம் என்று தனியாக ஒன்று இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய ஆதாரம் தேவையில்லை.

பிராட்பென்ட்டின் வடிகட்டிக் கொள்கை எப்படி வந்தது? அது தவறு என்றும் சொல்கிறார்களே?

1953-ல் கோலின் செர்ரி ஹெட்போனின் இரு காதுகளிலும் வேறு வேறு பேச்சை ஓடவிட்டார். ஒரு காதில் வருவதைக் கேட்டவர் உடனுக்குடன் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைப் பலரும் எளிதாகச் செய்தார்கள். மறு காதில் என்ன கேட்டது என்று கேட்டால், பேச்சு என்று தெரிந்தது, ஆண் குரல் பெண் குரலாக மாறியதும் தெரிந்தது, நடுவில் வந்த ஊதல் ஒலியும் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது தெரியவில்லை. ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதையும் கவனிக்கவில்லை.

டொனால்ட் பிராட்பென்ட் 1958-ல் இதையும் தன் சோதனைகளையும் சேர்த்து ஒரு படம் வரைந்தார். புலன்கள் வழியே எல்லாம் இணையாக உள்ளே வருகிறது. நடுவில் ஒரு வடிகட்டி, குரலின் தன்மை, வரும் திசை போன்ற புற அடையாளங்களை வைத்து ஒரு தடத்தை மட்டும் விடுகிறது. பொருள் புரிவது வடிகட்டிக்குப் பிறகுதான். பெட்டிகளும் அம்புகளுமாக மனத்தை வரையும் வழக்கம் இப்படித்தான் பரவியது.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. மறு காதில் கேட்பவரின் சொந்தப் பெயரைச் சொன்னால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதைக் கவனிக்கிறார் என்று நெவில் மோரே காட்டினார். வடிகட்டி முழுசாக அடைத்திருந்தால் பெயர் எப்படி உள்ளே வரும்? 1960-ல் ஆன் டிரீஸ்மன் இரு காதுகளின் பேச்சையும் நடுவில் இடம் மாற்றினார். ‘குடையை விரித்துக்கொண்டு’ என்று வலது காதில் ஓடும்போது, ‘மழையில் நடந்தார்’ என்ற தொடர்ச்சி இடது காதுக்குத் தாவிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிச் சொல்பவர் சில சமயம் ஒன்றிரண்டு சொல்லுக்குப் பொருளைப் பின்பற்றி அந்தக் காதுக்குப் போய்த் திரும்பிவிடுவார், போனது அவருக்கே தெரியாது. வடிகட்டி அடைப்பதில்லை, ஒலியைத் தணிக்கிறது என்பது டிரீஸ்மனின் திருத்தம்.

பிராட்பென்ட் தவறு என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள். ஓராண்டில் பொய்ப்பிக்க முடிந்த அளவுக்குத் தெளிவாக ஒரு மனக்கொள்கையை எழுதியிருந்தார் என்பதை நாங்கள் அவருடைய பெருமையாகவே எண்ணுகிறோம்.

1956 செப்டம்பர் 11 அன்று அப்படி என்ன நடந்தது?

எம்.ஐ.டி.யில் தகவல் கோட்பாட்டுக் கருத்தரங்கின் இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. ஆலன் நியூவெலும் ஹெர்பர்ட் சைமனும் தருக்கத் தேற்றங்களை நிரூபிக்கும் கணினி நிரலைப் பற்றிப் பேசினார்கள். ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய ‘பிரின்சிபியா மேத்தமேடிகா’வின் இரண்டாம் அத்தியாயத்தின் முதல் 52 தேற்றங்களில் 38-ஐ அந்த நிரல் நிரூபித்தது. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி மொழியை விவரிக்கும் மூன்று மாதிரிகளை முன்வைத்து, ஒரு சொல்லுக்கு அடுத்த சொல் எது என்ற நிகழ்தகவு மட்டும் இலக்கணத்துக்குப் போதாது என்று காட்டினார். மில்லர் குறுகிய கால நினைவின் எல்லையைப் பற்றிப் பேசினார்.

மூன்று துறைகள், ஒரே மேடை. குறியீடுகளை விதிப்படி மாற்றும் எந்திரம் என்ற மொழியில் உள்ளே நடப்பதைப் பேசலாம், அது மந்திரமும் அல்ல, மாயமும் அல்ல என்று கணினி காட்டிக் கொடுத்தது. தகவல் கோட்பாட்டை வகுத்த ஷானனின் 1948 கட்டுரை தகவலுக்கு பிட் என்ற அலகைக் கொடுத்திருந்தது. சம வாய்ப்புள்ள இரண்டில் ஒன்று எது என்று சொல்லத் தேவையான தகவல் ஒரு பிட்.

மில்லரின் ‘ஏழு’ எங்கிருந்து வந்தது? மனத்தில் ஏழு பொருள்தான் நிற்குமா?

1956 கட்டுரையில் மில்லர் ஒன்றுக்கொன்று வேறான சங்கதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, தனியாக ஒலிக்கும் ஒரு சுருதியைக் கேட்டு அது எத்தனையாவது என்று அடையாளம் சொல்வது. இதில் மனிதர்கள் ஏறத்தாழ 2.5 பிட்டில், அதாவது ஆறு சுருதியளவில் தடுமாறிவிடுகிறார்கள். மற்றொன்று, கேட்ட எண்களை அதே வரிசையில் திருப்பிச் சொல்வது. இங்கே ஏழு சொச்சம். இரண்டும் ஏழை ஒட்டியே வருவது தற்செயலாகத்தான் இருக்கும் என்று கட்டுரையின் முடிவில் அவரே சந்தேகப்படுகிறார்.

கட்டுரையின் உயிர் வேறிடத்தில். அடையாளம் காண்பதற்கு எல்லை பிட் கணக்கில் வருகிறது, நினைவுக்கு எல்லை தொகுப்புக் கணக்கில் வருகிறது. 110100011 என்ற ஒன்பது இலக்கத்தை மும்மூன்றாகப் பிரித்து 110, 100, 011 என்று பார்த்து 6, 4, 3 என்று மாற்றத் தெரிந்தவருக்கு நினைவில் வைக்க வேண்டியது மூன்றே. சிட்னி ஸ்மித் என்பவர் இப்படி ஐந்தைந்தாகத் தொகுத்துப் பழகி, ஏறத்தாழ 40 இரும எண்களைத் திருப்பிச் சொன்னதை மில்லர் எடுத்துக்காட்டுகிறார்.

மனத்துக்குள் ஒப்பிக்கவும் தொகுக்கவும் விடாமல் தடுத்தால் எல்லை நாலளவுக்கு இறங்கிவிடுகிறது என்று நெல்சன் கோவன் 2001-ல் வாதிட்டார். ‘ஒரு பக்கத்தில் ஏழு பொத்தானுக்கு மேல் வைக்காதே’ என்று வடிவமைப்பாளர்கள் சொல்வதற்கு மில்லர் பொறுப்பல்ல. கண்ணெதிரே இருக்கும் பட்டியலை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

சாம்ஸ்கியின் மதிப்புரை நடத்தைவாதத்தை முடித்துவிட்டதா?

அப்படிச் சொல்வது மிகை. ஸ்கின்னரின் ‘வாய்மொழி நடத்தை’ 1957-ல் வந்தது, சாம்ஸ்கியின் மதிப்புரை 1959-ல். தூண்டல், வலுவூட்டல் போன்ற சொற்கள் ஆய்வகத்துக்கு வெளியே பொருளிழந்துவிடுகின்றன என்ற அவருடைய தாக்குதல் பரவலாகப் படிக்கப்பட்டது. ஸ்கின்னர் அதற்கு மறுப்பு எழுதவில்லை. ஆனால் நடத்தைப் பகுப்பாய்வு தன் வழியில் வளர்ந்துகொண்டேதான் இருந்தது.

தூண்டலும் துலங்கலும் சங்கிலியாகத் தொடர்வது மட்டும் நடத்தையை விளக்கப் போதாது என்ற வாதத்தை மூளை ஆய்வாளர் கார்ல் லாஷ்லி 1948-லேயே கலிபோர்னியாவின் ஹிக்சன் கருத்தரங்கில் சொல்லிவிட்டார். தேர்ந்த இசைக்கலைஞரின் விரல்கள் நொடிக்குப் பதினாறு தட்டு போகும். இரண்டு தட்டுக்கு இடையில் 60 மில்லிநொடி சொச்சம். முந்தைய தட்டின் உணர்வு மூளைக்குப் போய் அடுத்ததைத் தூண்டிவிட இந்த நேரம் போதாது. ஆகவே சங்கிலித் தொடராக அல்ல, முன்கூட்டியே போட்ட திட்டத்தின்படிதான் விரல் ஓடுகிறது. சாம்ஸ்கிக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட இவருக்குக் கிடைக்கவில்லை.

ஸ்பெர்லிங்கின் சோதனையை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

ஒரே ஒரு செய்முறை மாற்றம், விடை தலைகீழாயிற்று. ஜார்ஜ் ஸ்பெர்லிங் 1960-ல் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு என்று 12 எழுத்துகளை 50 மில்லிநொடி காட்டினார். எல்லாவற்றையும் எழுதச் சொன்னால் நாலு, நாலரைதான் வந்தது. ஆனால் எழுதுபவர்கள் ஒரு குறை சொன்னார்கள். ‘நிறையப் பார்த்தேன், எழுதுவதற்குள் போய்விட்டது.’

அகநோக்குக் காலமாக இருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஸ்பெர்லிங் அதைச் சோதனையாக்கினார். எழுத்துகள் மறைந்த பிறகு ஓர் ஒலி வரும். 2500 ஹெர்ட்ஸ் கேட்டால் மேல் வரிசை, 650 என்றால் நடு வரிசை, 250 என்றால் கீழ் வரிசை. அந்த வரிசையை மட்டும் எழுதினால் போதும். எந்த வரிசை கேட்கப்படும் என்று முன்கூட்டித் தெரியாது. கேட்ட வரிசையில் மூன்று சொச்சம் வந்தது. வினாத்தாளில் ஐந்து கேள்வி கேட்டு முழுப் பாடமும் தெரியுமா என்று மதிப்பிடுவதைப் போல, மூன்று வரிசையிலும் சேர்த்து ஒன்பது எழுத்தாவது அந்தக் கணத்தில் இருந்திருக்க வேண்டும். ஒலியை ஒரு நொடி தாமதித்தால் இந்த அனுகூலம் போய்விடுகிறது.

திரும்பச் செய்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஸ்பெர்லிங்கிடம் இருந்தது ஐந்தே பேர், நன்கு பழகியவர்கள். எந்த ஒலிக்கு எந்த வரிசை என்பது கைவராதவர்கள் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே தடம் அழிந்துவிடும். இரண்டாவது, எழுத்துகளுக்குப் பிறகு வெளிச்சமான வெற்றுத்திரை வந்தால் தடம் சீக்கிரம் மறையும், இருட்டுத்திரை வந்தால் நீடிக்கும்.

ஸ்டெர்ன்பெர்க்கின் 38 மில்லிநொடி என்பது என்ன?

ஒன்று முதல் ஆறு எண்களை ஒவ்வொன்றாகக் காட்டி, பிறகு ஓர் எண்ணைக் கொடுத்து, அது முன்பு வந்ததா இல்லையா என்று கேட்டார். 1966-ல் வந்தது. நினைவில் வைத்த ஒவ்வோர் எண்ணுக்கும் பதில் நேரம் சுமார் 38 மில்லிநொடி கூடியது. வியப்பு என்னவென்றால், ‘வந்தது’ என்ற பதிலுக்கும் ‘வரவில்லை’ என்ற பதிலுக்கும் நேரம் அதே வீதத்தில் கூடியது. கிடைத்ததும் தேடலை நிறுத்தினால் ‘வந்தது’ என்பதற்குக் கூடும் வீதம் பாதியாக இருந்திருக்க வேண்டும். ஆகவே கிடைத்த பிறகும் மனம் கடைசிவரை ஓடி முடிக்கிறது என்றார். பின்னால் வந்தவர்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இணையாகத் தேடும் மாதிரிகளும் இதே கோட்டைத் தரக்கூடும் என்று காட்டிவிட்டார்கள். ஒரு நேர்கோட்டைப் பார்த்து உள்ளே வரிசையாக நடக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நைசரைத் ‘தந்தை’ என்பது சரியா?

பெயர் சூட்டியவர் என்பது சரி. சிதறிக் கிடந்த கவனம், காட்சி, நினைவு ஆய்வுகளை 1967-ல் ஒரே நூலுக்குள் கொண்டுவந்தவர் அவர். ஸ்பெர்லிங் கண்ட தடத்துக்கு ‘ஐகானிக் நினைவு’ என்று பெயர் வைத்தவரும் அவரே. ஒன்பது ஆண்டு கழித்து, 1976-ல், இந்த ஆய்வெல்லாம் ஆய்வகத்துக்குள்ளேயே அடைபட்டுவிட்டது, நிஜ வாழ்க்கையில் மனிதர் எப்படிப் பார்க்கிறார், நினைக்கிறார் என்பதை விட்டுவிட்டோம் என்று தன் துறையையே கடிந்து இன்னொரு நூல் எழுதினார். அந்த இரண்டாம் நூலைப் பாடத்திட்டங்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை.

வகுப்பில் கருவி எதுவும் இல்லாமல் செய்து காட்ட எது ஏற்றது?

ஸ்ட்ரூப் சோதனை. 1935-ல் ரிட்லி ஸ்ட்ரூப் செய்தது. நூறு வண்ணச் சதுரங்களின் நிறத்தைச் சொல்ல 63.3 நொடி ஆனது. வேறு நிற மையில் அச்சிட்ட நூறு நிறப்பெயர்களின் மையின் நிறத்தைச் சொல்ல 110.3 நொடி, 74 சதவீதம் அதிகம்.

வகுப்புக்கு 40 உருப்படி கொண்ட இரண்டு அட்டைகள் போதும். சிவப்பு, நீலம், பச்சை, ஊதா என்று நான்கு நிறங்கள். முதல் அட்டையில் வண்ணச் சதுரங்கள், இரண்டாவதில் பெயரும் மையும் பொருந்தாத சொற்கள். ஒரே நிறம் அடுத்தடுத்து வர வேண்டாம். பாதிப் பேர் முதல் அட்டையில் தொடங்கட்டும், பாதிப் பேர் இரண்டாவதில். இல்லாவிட்டால் பழக்கமோ களைப்போ கணக்கில் கலந்துவிடும்.

பதில் மொழியை முன்பே கறாராகச் சொல்லிவிடுங்கள். அட்டை தமிழில் இருக்க, மாணவர் ‘ரெட், ப்ளூ’ என்று சொன்னால் குறுக்கீடு குறையும், ஏனென்றால் எழுதியிருக்கும் சொல்லும் வாயில் வர வேண்டிய சொல்லும் நேருக்கு நேர் மோதுவதில்லை. கண்ணைச் சுருக்கி எழுத்தை மங்கலாக்கிக்கொண்டு நிறத்தை மட்டும் பார்ப்பவர் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார். அவரைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

கைபேசியில் செய்வதானால், பல திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கின்றன. அப்படிப்பட்ட திரையில் ஒரு சட்டகம் 16.7 மில்லிநொடி, 50 மில்லிநொடி வேண்டுமென்றால் மூன்று சட்டகம். தொடுதிரையும் தன் பங்குக்குச் சில பத்து மில்லிநொடி தாமதிக்கும். அந்தத் தாமதம் இரண்டு நிலைமைக்கும் ஏறத்தாழ பொதுவானது என்பதால், எல்லோரும் ஒரே கருவியில் செய்து, வித்தியாசத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.